வீட்டுப் புல்வெளித் தெளிப்பான் அமைப்பு: பழுது நீக்கமும் பராமரிப்பும் – தென்னாப்பிரிக்கத் தோட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

புல்வெளியில் ஓரிடம் மஞ்சளாகக் காய்ந்து தெரிந்தால், பெரும்பாலான வீடுகளில் உடனே தெளிப்பான்கள் ஓடும் நேரத்தை ஆளும் கன்ட்ரோலரைத் திறந்து, பத்து நிமிடம் ஓடும் பகுதியை இருபது நிமிடம் ஓட வைத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்த இடம் ஓரளவு பச்சையாகும். சுற்றியுள்ள இடம் சேறாகும். மாதக் கடைசியில் தண்ணீர்க் கட்டணம் ஏறியிருக்கும். மண்ணுக்கடியில் இருக்கும் உண்மையான பழுதோ அப்படியே இருக்கும். காய்ந்த திட்டு என்பது பெரும்பாலும் தண்ணீர்ப் பற்றாக்குறையைக் காட்டுவதன்று. தண்ணீர் போய்ச் சேராமல் வழியில் ஏதோ தடுக்கிறது என்பதைக் காட்டுவது. ஆகவே இந்த வழிகாட்டியில் நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்துவது ஒன்றே: நிமிடத்தைக் கூட்டுவதற்கு முன் பழுதைத் தேடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு 25 மி.மீ. தண்ணீர் விட்டால் 2,500 லிட்டர் செலவாகிறது. வாரம் ஒரு முறை என்றாலும் மாதத்துக்குப் பத்து கிலோ லிட்டர். நம் பெருநகராட்சிகள் பெரும்பாலும் பயன்பாடு கூடக்கூட ஒவ்வொரு கிலோ லிட்டரின் விலையும் ஏறும் படிக்கட்டண முறையையே பின்பற்றுவதால், தோட்டத்தில் வீணாகும் தண்ணீர் எப்போதும் மிக உயர்ந்த விலைப்படியிலேயே கணக்கில் ஏறுகிறது.

அமைப்பை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

நகராட்சி மீட்டரிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றுப் பம்பிலிருந்தோ வரும் தண்ணீர், ஒரு அடைப்பு வால்வு, பின்னோட்டத் தடுப்பு வால்வு, வடிகட்டி ஆகியவற்றைக் கடந்து, பச்சை மூடியிட்ட வால்வுப் பெட்டிக்குள் இருக்கும் சோலினாய்டு வால்வுகளை, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகளை அடைகிறது. ஒவ்வொரு வால்வும் தோட்டத்தின் ஒரு பகுதியை ஆள்கிறது. சுவரில் உள்ள கன்ட்ரோலர், 230 வோல்ட் மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைத்து, குறித்த நேரத்தில் குறித்த வால்வுக்கு அனுப்பும், வால்வு திறக்கும், கிளைக் குழாய் நிரம்பி, பாப்-அப் தெளிப்பான்கள் தலை தூக்கும்.

இதில் மறக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. மீட்டர் முதல் சோலினாய்டு வால்வு வரையுள்ள தலைமைக் குழாயில் இரவும் பகலும் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். வால்வைத் தாண்டிய கிளைக் குழாயிலோ அந்தப் பகுதி ஓடும்போது மட்டுமே அழுத்தம் இருக்கும். எனவே எந்நேரமும் ஈரமாக இருக்கும் இடத்தில் தலைமைக் குழாயையோ மூடாத வால்வையோ சந்தேகிக்க வேண்டும். தெளிப்பான்கள் ஓடும்போது மட்டும் தண்ணீர் ஊறி மேலே வந்தால் கிளைக் குழாயைத் தோண்டலாம். இந்தப் பாகுபாட்டை மனத்தில் கொண்டவர், தேவையற்ற குழிகளில் பாதியைத் தவிர்த்துவிடுவார்.

கையில் வேண்டியவை

தட்டை முனை, நட்சத்திர முனைத் திருப்புளிகள், உங்கள் தெளிப்பான் வகைக்குரிய சரிசெய்யும் சாவி, சிறு தோட்டக் கரண்டி, குழாய் வெட்டும் கத்தரி, டெஃப்லான் டேப், பழைய பல் துலக்கி, வாளி, அழுத்தமானி, மல்டிமீட்டர். இவற்றோடு ஒரு பழைய கோணிச் சாக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். தோண்டும் மண்ணைப் புல்லின் மேல் கொட்டாமல் சாக்கின் மேல் குவித்தால், வேலை முடிந்தபின் தோண்டிய தடமே தெரியாது.

உதிரிப் பாகம் வாங்கும்போது திருகின் தரத்தைக் கவனியுங்கள். அமெரிக்கத் திருகும், நம் நாட்டில் வழங்கும் பிரிட்டிஷ் திருகும் அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். ஆனால் பல்லின் கோணம் வேறு என்பதால் பின்னர் கசியும். ஒரு அங்குல வால்வில் பல்லின் எண்ணிக்கையே மாறுபடும். இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றதும் வலிந்து திருப்பினால் வால்வின் வாய் பிளந்துவிடும். பழைய பாகத்தைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே நல்லது.

முதற்படி: மீட்டர் சோதனை

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடி, கழிப்பறைத் தொட்டிகள் நிரம்பும்வரை காத்திருந்து, மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால், தோட்டத்துக்குரிய அடைப்பு வால்வை மட்டும் மூடிவிட்டு மீண்டும் அரை மணி நேரம் பாருங்கள். இப்போது எண் நின்றுவிட்டால் கசிவு தெளிப்பான் அமைப்பில்தான். தொடர்ந்து நகர்ந்தால் வீட்டுக்குள்ளேயோ தெருவிலிருந்து வரும் குழாயிலோ இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்ற அளவில் ஒரு வால்வு கசிந்தாலும் ஒரு நாளைக்கு 720 லிட்டர், முப்பது நாளில் 21,600 லிட்டர் போய்விடும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தைப் போன்ற சரிவான மனைகளில் இத்தண்ணீர் உங்கள் புல்லில் தெரியாமல், கீழ்வீட்டுச் சுவரின் அடியில் போய் ஊறிக்கொண்டிருக்கும். அந்தச் சுவருக்கு வரும் கேடு தண்ணீர்க் கட்டணத்தைவிடப் பெரிது.

இரண்டாம் படி: ஒவ்வொரு பகுதியாக நடந்து பார்த்தல்

கன்ட்ரோலரைக் கைமுறை நிலையில் வைத்து, ஒவ்வொரு பகுதியையும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, எல்லாத் தெளிப்பான்களையும் நேரில் நின்று பாருங்கள். குறையுள்ள ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சியை நட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பார்த்தவுடன் பழுது நீக்கத் தொடங்காதீர்கள். ஒரே பகுதியில் எல்லாத் தெளிப்பான்களும் சோர்ந்திருந்தால் குறை அழுத்தத்திலோ வால்விலோ குழாயிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால் குறை அதனிடமே. முழுச் சித்திரத்தையும் பார்த்த பிறகுதான் இது விளங்கும்.

நம் தோட்டங்களில் தனியாகப் பார்க்க வேண்டிய எதிரி கிகூயூ புல். அதன் தண்டுகள் தெளிப்பானின் கழுத்தைச் சுற்றிப் பாயாகப் படர்ந்து, சில ஆண்டுகளில் தெளிப்பான் தரைமட்டத்துக்கும் கீழே போய்விடும். தலை தூக்கினாலும் தண்ணீர் புல்லில் மோதி அங்கேயே விழும். டர்பன் கடலோரத்து நிழல் தோட்டங்களில் வளரும் எல்.எம். புல் இந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. புழு தேடி வரும் ஹடீடா பறவைகள் நீண்ட அலகால் ஈரமான இடத்தைக் குத்திக் கிளறுவதும் ஒரு தடயம்; மழையில்லாத நாளில் அவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மேய்ந்தால் அந்த இடத்தின் அடியைச் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: தெளிப்பான்களின் பழுது

அடைப்பே மிகப் பொதுவான பழுது. தெளிப்பானின் தண்டைக் கையால் மேலே இழுத்துப் பிடித்து, நாசிலை, அதாவது தண்ணீர் பீறிடும் முனையைக் கழற்றினால், அடியில் கூடை வடிவில் சிறு வடிகட்டி இருக்கும். அதை வாளித் தண்ணீரில் பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். நாசிலின் துளையைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தாதீர்கள். துளை சிறிது விரிந்தாலும் தண்ணீரின் வடிவம் கெட்டுவிடும். மீண்டும் பொருத்துவதற்கு முன் நாசில் இல்லாமலே அந்தப் பகுதியைச் சில விநாடி ஓடவிட்டு, உள்ளே தங்கிய மணலை வெளியேற்றுங்கள்.

தண்டு மேலே வந்து திரும்பக் கீழே இறங்கவில்லையென்றால், கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் மணல் சிக்கியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டை மெல்ல அழுத்தியும் விட்டும் நான்கைந்து முறை செய்தால் பெரும்பாலும் மணல் கழுவப்பட்டுவிடும். வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள்: நல்ல வளையம் மென்மையாக வளையும், வெயிலில் கெட்டது ஓரத்தில் கடினப்பட்டு, நகம் பட்டாலே மயிரிழைக் கீறல்கள் தெரியும். தண்டைச் சுற்றி எப்போதும் நீர் கொப்பளித்தால் இந்த வளையம்தான் காரணம். இதற்கு எண்ணெயோ கிரீஸோ தடவுவது பெரிய தவறு; பசையில் மணல் ஒட்டி வளையத்தை அரைத்துவிடும்.

உடைந்த தெளிப்பானை மாற்றும் முறை இது. தண்ணீரை அடைத்துவிட்டு, தெளிப்பானைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் புல்லை வட்டமாக வெட்டித் தனியே எடுத்து வையுங்கள். குழாய் இணைப்புத் தெரியும்வரை தோண்டி, இணைப்புக்கும் கீழே கையளவு பள்ளம் விடுங்கள். மண்ணும் சேறும் குழாய்க்குள் விழாமல் அந்தப் பள்ளத்தில் தங்கும். ஒரு கையால் அடி இணைப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பழைய தெளிப்பானைக் கழற்றுங்கள். பிடிக்காமல் திருப்பினால் கீழே உள்ள இணைப்பே முறிந்து, சிறு வேலை பெரு வேலையாகும். புதியதைப் பூட்டும் முன் தண்ணீரை ஒரு கணம் திறந்து குழாயைக் கழுவுங்கள். பிறகு தெளிப்பானின் தலை சுற்றியுள்ள தரைமட்டத்தோடு சமமாகவும், நேராகவும் நிற்கும்படி வைத்து, மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டுக் காலால் அமுக்குங்கள். வாகனம் ஏறும் ஓரத்திலும், புல்வெட்டும் இயந்திரம் திரும்பும் மூலையிலும், தெளிப்பானை நேரே குழாயில் பூட்டாமல் வளையும் சிறு குழாய்த் துண்டு வழியாக இணைத்தால், அடி பட்டாலும் குழாய் உடையாது.

ஓடி முடித்த பிறகு சரிவின் அடியில் உள்ள தெளிப்பானில் மட்டும் சில நிமிடம் தண்ணீர் வழிந்து நின்றுவிடுமானால், அது மேலுள்ள குழாய் வடிவதால் வருவது. வால்வைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உள்ளேயே தடுப்பு வால்வு பொருத்திய தெளிப்பான்கள் சுமார் 3 மீட்டர் உயர வேறுபாடு வரை இதைத் தடுக்கும். வழிதல் நிற்காமல் மணிக்கணக்கில் தொடர்ந்தால்தான் சோலினாய்டு வால்வைத் திறக்க வேண்டும்.

நான்காம் படி: கோணமும் தூரமும்

ஒரு தெளிப்பானின் தண்ணீர் அடுத்த தெளிப்பானின் அடிவரை எட்ட வேண்டும் என்பதே இத்தொழிலின் அடிப்படை விதி. இரண்டுக்கும் நடுவில் சந்தித்தால் போதும் என்று நினைப்பவர்களின் தோட்டத்தில்தான் வட்ட வட்டமாகக் காய்ந்த திட்டுகள் தோன்றுகின்றன.

சுழலும் வகைத் தெளிப்பான்களில் கோணத்தின் ஒரு எல்லை நிலையானது, மறு எல்லையே சாவியால் மாறும்; நிலையான எல்லை வலப்பக்கமா இடப்பக்கமா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. முதலில் தெளிப்பானின் உடலையே திருப்பி நிலையான எல்லையைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, பின்னர் சாவியால் கோணத்தைச் சரிசெய்யுங்கள். தூரத்தைக் குறைக்கும் மேல்திருகு சுமார் 25 விழுக்காடு வரைதான் உதவும். அதற்கு மேல் இறக்கினால் தாரை சிதறும், சிறிய நாசிலுக்கு மாறுவதே முறை. இன்னொன்று: முழு வட்டம் சுற்றும் தெளிப்பான் ஒரே இடத்துக்குத் திரும்பி வரப் பிடிக்கும் நேரத்தில் கால் வட்டத் தெளிப்பான் நான்கு மடங்கு தண்ணீரை அங்கே ஊற்றிவிடும். எனவே கால் வட்டத்துக்கு ஒரு பங்கு என்றால் அரை வட்டத்துக்கு இரு பங்கும், முழு வட்டத்துக்கு நான்கு பங்கும் தரும் நாசில்களைப் பொருத்த வேண்டும். மூலைகள் சதசதவென்றும் நடுப்பகுதி காய்ந்தும் இருக்கும் தோட்டங்களில் எல்லாத் தெளிப்பான்களிலும் ஒரே நாசில் இருப்பதைப் பார்க்கலாம்.

நிலையான விசிறித் தெளிப்பான் மணிக்குச் சுமார் 40 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் தரும். சுழலும் வகை அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் தரும். இரண்டையும் ஒரே வால்வில் கலந்து வைத்திருந்தால் எந்த நேரத்தைக் கொடுத்தாலும் ஒரு பக்கம் கெடும். பிரித்துவிடுங்கள். அதேபோல் கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை நிற்கும் மூலையைப் புல்லின் வால்வோடு சேர்க்காதீர்கள்; அவற்றுக்குத் தனி வால்வில் சொட்டுக் குழாய் போதும்.

ஐந்தாம் படி: மூடாத வால்வு, திறக்காத வால்வு

பலர் அஞ்சி விலகும் இடம் இதுவே. ஆனால் வால்வு மிக எளிய கருவி. உள்ளே ஒரு ரப்பர்த் தகடு, அதாவது டயஃப்ரம், தண்ணீரின் வழியை மேலிருந்து அமுக்கி மூடியிருக்கிறது. தகட்டுக்கு மேலேயும் தண்ணீர் அழுத்தம் இருப்பதால்தான் அது மூடி நிற்கிறது. சோலினாய்டுக்கு மின்சாரம் வந்ததும் அதன் உள்ளே உள்ள சிறு உலக்கை மேலெழுந்து, மேலறையின் தண்ணீரை வெளியே விடுகிறது. மேலழுத்தம் குறைந்ததும் தகடு தூக்கப்பட்டு வால்வு திறக்கிறது. மின்சாரம் நின்றால் மேலறை மீண்டும் நிரம்பி மூடிக்கொள்கிறது. மேலறை நிரம்பும் துளை ஊசிமுனை அளவே உள்ளது. அதில் ஒரு மணல் அமர்ந்தால் வால்வு மூடவே மூடாது.

மூடாத வால்வுக்கு முதலில் சுலபமான காரணங்களைப் பாருங்கள்: கையால் திறக்கும் கசிவுத் திருகு தளர்ந்திருக்கலாம், சோலினாய்டு முழுதும் திருகப்படாமல் இருக்கலாம். இரண்டும் சரியென்றால் தண்ணீரை அடைத்து, அந்தப் பகுதியை ஒரு முறை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிவிட்டு, மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். மூடியைத் தூக்கும்போது உள்ளிருக்கும் வில் சுருள் துள்ளி விழும். அதன் நிலையையும், தகடு எந்தத் திசையில் அமர்ந்திருந்தது என்பதையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டை வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையளவு கிழிசலும் மாற்றுவதற்குப் போதிய காரணம். தகடு அமரும் வட்ட விளிம்பில் விரலை ஓட்டினால், பல நேரங்களில் பாசிப்பயறு அளவுகூட இல்லாத ஒரு கல் அங்கே பதிந்திருப்பது விரலில் இடறும். அந்த ஒரு கல்லுக்காகவே வால்வு முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிது வைத்த வீடுகள் உண்டு. வீட்டுக்காரரின் பணம் வீணானதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கல்லை எடுத்து, எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, அதே திசையில் அமர்த்தி, திருகுகளை எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். தண்ணீரை மெதுவாகத் திறவுங்கள்.

திறக்காத வால்வில், கசிவுத் திருகைக் கையால் திறந்து பாருங்கள். தெளிப்பான்கள் எழுந்தால் தண்ணீர்ப் பக்கம் நலமாக இருக்கிறது, குறை மின்சாரப் பக்கம். எழாவிட்டால் ஓட்டக் கட்டுப்பாட்டுக் கைப்பிடி மூடியிருக்கிறதா, அடைப்பு வால்வு பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பொருத்திய வால்வு தகராறு செய்தால் அதன் உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் செல்லும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

ஆறாம் படி: மின்சாரப் பக்கம்

கன்ட்ரோலரின் 230 வோல்ட் பக்கத்தைத் தொடாதீர்கள். அது சான்ஸ் (SANS) 10142 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரத்துக்கு உட்பட்ட, பதிவு பெற்ற மின்பணியாளரின் வேலை. 24 வோல்ட் பக்கத்தை நீங்களே சோதிக்கலாம்.

கன்ட்ரோலரின் மின்சாரத்தை நிறுத்தி, பழுதான பகுதியின் கம்பியை அதன் முனையத்திலிருந்து விடுவித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அந்தக் கம்பிக்கும் எல்லா வால்வுகளுக்கும் சேர்த்துச் செல்லும் பொதுக் கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறத்தாழ 20 முதல் 60 ஓம் வரை காட்டினால் சோலினாய்டும் கம்பியும் நலம். எண்ணே காட்டாவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது சோலினாய்டின் சுருள் எரிந்துவிட்டது. மிகக் குறைந்த எண் காட்டினால் குறுக்குச் சுற்று. அடுத்து அதே அளவீட்டை வால்வுப் பெட்டியில், சோலினாய்டின் இரு கம்பிகளிலும் நேரடியாகச் செய்யுங்கள். அங்கே சரியான எண் வந்தால் குறை இடைப்பட்ட கம்பியில்தான். எந்தப் பகுதியுமே ஓடவில்லையென்றால், பொதுக் கம்பியையும் கன்ட்ரோலரின் ஃபியூஸையும் முதலில் பாருங்கள்.

வால்வுப் பெட்டிக்குள் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பைக் கண்டால், அது இன்று வேலை செய்தாலும் மாற்றிவிடுங்கள். ஈரம் ஏறிச் செம்பு பச்சை பூத்துவிடும். கிரீஸ் நிரப்பிய நீர்புகா இணைப்பான்களே அங்கு நிலைக்கும்.

2007 இறுதியில் தொடங்கி 2023-இல் மிகக் கடுமையடைந்த சுழற்சி மின்வெட்டு, நம் கன்ட்ரோலர்களுக்குப் பெருஞ்சோதனையாக இருந்தது. மின்சாரம் திரும்பும்போது பாயும் அதிர்வு மின்மாற்றியைக் கொல்லும். மின்கலம் தீர்ந்த பழைய வகைக் கன்ட்ரோலர் நேரத்தை மறந்து, நடுப்பகலில் தண்ணீர் விடும். ஆண்டுக்கொரு முறை மின்கலத்தை மாற்றுங்கள். மின்னதிர்வுத் தடுப்பானை இணையுங்கள்.

ஏழாம் படி: குழாய் உடைப்பு

உடைப்பின் இடம் தெரிந்தபின் அதற்கு இரு பக்கமும் இரண்டடி நீளத்துக்குத் தாராளமாகத் தோண்டுங்கள். குறுகிய குழியில் குழாயை வளைக்க இடமில்லாமல் செய்யும் ஒட்டு நிலைக்காது. சேதமான பகுதியை நேர்வெட்டாக வெட்டி எடுங்கள். மென்மையான கறுப்புப் பாலிதீன் குழாயின் முனையைக் கொதிநீரில் சில விநாடி வைத்தால் இளகும். இணைப்பானை முழுதும் உள்ளே தள்ளி, கிளாம்பை இறுக்குங்கள். தடித்த குழாய்க்கு இறுக்கி மூடும் திருகு இணைப்பான் உண்டு. பி.வி.சி. குழாயாயின் ஈரத்தை முழுதும் துடைத்து, சுத்திகரிப்பான் தடவி, பசையிட்டு, பசை டப்பாவில் குறித்த நேரம் கழிந்த பின்னரே தண்ணீரைத் திறக்க வேண்டும். எந்த வகையாயினும், கிளையின் கடைசித் தெளிப்பானைக் கழற்றிவிட்டு முதலில் அந்த வழியாகத் தண்ணீரை ஓடவிடுங்கள். உள்ளே புகுந்த சேறு அதனோடு போய்விடும். மாமரம், அவகாடோ மரத்தின் வேர் குழாயை நெரித்திருந்தால், அதே இடத்தில் ஒட்டாமல் குழாயின் வழியையே விலக்கிப் போடுங்கள்.

எட்டாம் படி: அழுத்தம்

விசிறித் தெளிப்பான்கள் சுமார் 2.1 பார் அழுத்தத்திலும், சுழலும் வகை சுமார் 3 பாரிலும் நன்கு இயங்கும். தண்ணீர் புகைபோல் மூட்டமாகப் பறந்தால் அழுத்தம் மிகை; அந்த மூட்டத்தைக் காற்று கொண்டுபோய்விடும். வீட்டின் சுடுநீர்த் தொட்டிக்காக வைத்த 400 கிலோ பாஸ்கல் அழுத்தக் குறைப்பான் தோட்டத்தையும் காப்பதாக எண்ண வேண்டாம். தோட்டக் குழாய் பெரும்பாலும் அதற்கு முன்பே பிரிந்திருக்கும்.

அழுத்தம் குறைவானால், 10 லிட்டர் வாளியைத் தோட்டக் குழாயில் வைத்து, நிரம்பும் நேரத்தை அளவிடுங்கள். 15 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 40 லிட்டர். அதில் முக்கால் பங்கு, அதாவது 30 லிட்டர் வரைதான் ஒரு பகுதிக்குச் செலவிடலாம். 4.6 மீட்டர் எட்டும் அரை வட்ட விசிறித் தெளிப்பான் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் எடுக்கும் என்பதால், ஒரு வால்வில் நான்குக்கு மேல் வைப்பது சரியாகாது. தோட்டத்தை விரிவுபடுத்தும்போது ஒன்றிரண்டு தெளிப்பான்களைப் பழைய குழாயிலேயே செருகிவிடுவதால்தான் பல வீடுகளில் கடைசித் தெளிப்பான் எழவே முடியாமல் கிடக்கிறது.

நீர்வெட்டுக்குப் பின் தனிக் கவனம் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து அந்தப் பகுதி மாதக்கணக்கில் குழாய்நீரின்றித் தவித்ததை மறக்க முடியாது. தண்ணீர் நின்றவுடன் தோட்டத்தின் அடைப்பு வால்வை மூடிவிடுங்கள். திரும்ப வந்தபின் வீட்டு வெளிக்குழாய் ஒன்றில் தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்டு, அதன் பிறகே தோட்டத்துக்குத் திறவுங்கள். இல்லையேல் தெருக்குழாயின் துருவும் மணலும் உங்கள் வால்வுகளுக்குள் போய் அமரும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் சுவரில் செம்பழுப்புக் கறை படியும். அதே படிவு வடிகட்டியையும் நாசிலையும் அடைக்கும். 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்கள்) வடிகட்டியைப் பம்புக்குப் பின் வைத்து அடிக்கடி கழுவுங்கள். கறை படிந்த நாசில்களை எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். கிணற்று நீரோ ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி நீரோ நகராட்சிக் குழாய்க்குள் பின்னோக்கிச் செல்ல எவ்வகையிலும் இடம் தரக் கூடாது. சான்ஸ் 10252 தரமும் நகராட்சி விதிகளும் பின்னோட்டத் தடுப்பைக் கோருகின்றன. தெருவில் எல்லோரும் குடிக்கும் தண்ணீர் அது என்பதால், இதில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஒன்பதாம் படி: நேரத்தை நிர்ணயித்தல்

பழுதுகள் நீங்கியபின்தான் கன்ட்ரோலரைத் தொட வேண்டும். நேரான சுவருள்ள ஒரே அளவு பில்ச்சர்ட் மீன் டின்கள் எட்டை ஒரு பகுதியில் பரப்பி, 15 நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் தேங்கிய நீரை அளவுகோலால் அளந்து பாருங்கள். மிகக் குறைந்த டின்னில் மிக அதிகமானதன் பாதிகூட இல்லையென்றால், மீண்டும் நான்காம் படிக்குச் செல்லுங்கள். ஓரளவு சமமாக இருந்தால் சராசரியை நான்கால் பெருக்க மணிக்கான அளவு கிடைக்கும். கோடையில் கிகூயூவுக்கு வாரம் சுமார் 25 மி.மீ. போதும், பெய்த மழையை அதிலிருந்து கழித்துவிடுங்கள். டர்பனின் பெரேயா செம்மணலில் தண்ணீர் விரைந்து இறங்குவதால் அதை வாரத்தில் இரண்டு மூன்றாகப் பிரிக்கலாம். களிமண்ணிலும் சரிவிலும் ஒரே தடவையில் விடாமல், வழிந்தோடத் தொடங்கும் முன் நிறுத்தி, அரை மணி கழித்து மீண்டும் விடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் செப்டம்பர் முதல் மார்ச் வரை காலை 6 முதல் மாலை 6 வரையும், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை காலை 8 முதல் மாலை 4 வரையும் நகராட்சி நீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது என்பது விதி. லெனேசியாவில் இருப்பவர்கள் கன்ட்ரோலரில் இந்த இரு அட்டவணைகளையும் முன்பே பதிந்துவைப்பது நல்லது. கேப் டவுனில் 2018 பிப்ரவரியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு வந்தபோது, நகராட்சி நீரால் தோட்டம் நனைப்பது ஏற்கெனவே அடியோடு தடைசெய்யப்பட்டிருந்தது. அங்கு வறட்சி கோடையில் வரும், டர்பனிலோ குளிர்காலத்தில். ஆகவே ஓர் ஊரின் அட்டவணையை இன்னோர் ஊரில் இருக்கும் உறவினருக்கு அப்படியே சொல்லித் தராதீர்கள். நேரம் விதிக்கு உட்பட்டு விடியற்காலையாக இருக்கட்டும். காற்று அடங்கியிருக்கும், நகராட்சி அழுத்தமும் நன்றாக இருக்கும்.

ஆண்டுப் பராமரிப்பு

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் மழை குறையும் ஏப்ரல், மே மாதங்களில் முழுச் சோதனையைச் செய்யுங்கள். கேப் பகுதியில் செப்டம்பரில் செய்யுங்கள். மழைக்காலத்தில் கன்ட்ரோலரை நிறுத்தி வைத்திருந்தாலும் மாதம் ஒரு முறை ஒவ்வொரு பகுதியையும் ஒரு நிமிடம் ஓடவிட்டால் ரப்பர் பாகங்கள் ஒட்டிப்போகாமல் இருக்கும். மழை உணரி ஒன்றைப் பொருத்தினால் கொட்டும் மழையில் தெளிப்பான் ஓடும் அவலம் நேராது.

ஜோகன்னஸ்பர்க்கை உள்ளிட்ட உள்நாட்டு மேட்டுநிலமான ஹைவெல்ட் பகுதியில் உறைபனிதான் கேடு. அங்கே மண்ணுக்குள் இருக்கும் குழாய் பெரும்பாலும் தப்பிவிடும். தரைக்கு மேல் நிற்கும் பின்னோட்டத் தடுப்பு வால்வும், பம்பும், அழுத்தக் குறைப்பானுமே வெடிக்கும். மே மாத முடிவுக்குள் அவற்றில் தேங்கிய நீரை வடித்து, நுரைக்குழாய் உறையால் போர்த்துங்கள். கிகூயூ குளிரில் பழுப்பேறி உறங்கும் புல். அப்போது அதைப் பச்சையாக்க முயன்று தண்ணீர் விடுவது பயனற்றது. செப்டம்பரில் மீண்டும் தொடங்கும்போது அடைப்பு வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் கால் சுற்றாகத் திறந்து, குழாயில் அடைபட்ட காற்று வெளியேறும்வரை காத்திருங்கள். வேகமாகத் திறந்தால் அந்த மோதலிலேயே பழைய இணைப்புகள் கழன்றுவிடும். பின்னர் இரண்டாம் படியிலிருந்து எல்லாவற்றையும் ஒரு முறை செய்து, எந்த வால்வு எந்தப் பகுதிக்கு, பெட்டி எங்கே, கம்பியின் நிறம் என்ன, எந்த நாசில் என்பதை ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கன்ட்ரோலர் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.